டீலர் மீட் ஏன் சொதப்புகிறது: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

கோயம்புத்தூரில் பம்பு, மோட்டார், கிரைண்டர் கம்பெனிகளுக்கு டீலர் மீட், அதாவது கம்பெனி தன் சரக்கை விற்கும் கடைக்காரர்களைக் கூட்டி நடத்தும் கூட்டம், நடத்திக்கொடுப்பது என் பிழைப்பு. வருஷத்துக்கு வருஷம் கம்பெனி மாறும், கோளாறு மட்டும் மாறாது. அதே ஏழெட்டுப் புகார்தான் திரும்பத் திரும்ப வரும். அதனால் ஒர்க்‌ஷாப்காரர் மாதிரி அறிகுறி வாரியாக ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். அதைத்தான் இங்கே தருகிறேன்.

உங்களுக்கு எது நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பர்ஸைத் திறக்க வேண்டிய காரணம் கடைசியில். அந்த வரிசையை மாற்றாதீர்கள். பெரிய ஹோட்டல், டிவி ஆங்கர், எல்இடி சுவர் என்று கடைசிப் படியில் ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம். காசும் அங்கேதான் போகிறது.

## அறிகுறி 1: வருகிறேன் என்றவர்களில் பாதிப் பேர் வரவில்லை

தேதி. முதலில் தினசரிக் காலண்டரைக் கிழிக்காமல் புரட்டிப் பாருங்கள். முகூர்த்த நாளா? டீலர் என்பவர் ஊரில் நாலு பேருக்குத் தெரிந்தவர். முகூர்த்தம் என்றால் இரண்டு மூன்று கல்யாணத்தில் தலை காட்டி மொய் வைக்காமல் முடியாது. அடுத்தது சீசன். பிப்ரவரி முதல் மே வரை கிணற்றில் தண்ணீர் இறங்க இறங்க பம்பு கடையில் கூட்டம் ஏறும். அப்போது ஷட்டரை இழுத்துவிட்டு உங்கள் ஹாலுக்கு யார் வருவார்? மாதா மாதம் ஜிஎஸ்டி தாக்கல் செய்யும் கடை என்றால் 11ஆம் தேதிக்கும் 20ஆம் தேதிக்கும் முந்தைய இரண்டு நாட்களையும் விட்டுவிடுங்கள்.

எனக்குப் பிடித்த மாதம் ஆடி. கல்யாணம் இல்லை, ஹால்காரர் வாடகையில் இறங்கி வருவார், கடையிலும் மந்தம். ஆடி 18, ஆடி அமாவாசை, வெள்ளிக்கிழமைகள் இவற்றை மட்டும் தவிர்த்தால் போதும். மார்கழியிலும் ஹால் கிடைக்கும், ஆனால் பலர் ஐயப்பனுக்கு மாலை போட்டிருப்பார்கள். பிரியாணிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நான் ஒரு முறை முழித்தேன்.

அந்த ‘வர்றேன்’ உண்மையான வர்றேன்தானா? நம் பக்கத்தில் அழைத்தவரிடம் நேராக ‘வரமாட்டேன்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘பார்க்கலாங்க’ என்றால் வரவில்லை என்று எழுதிக்கொள்ளுங்கள். ‘வந்துட்டாப் போச்சுங்க’ என்றால் பாதி. நான் செய்வது இதுதான்: மூன்று நாள் முன்னால் போன் போட்டு ‘வர்றீங்களா’ என்று கேட்காமல், ‘கார்ல வர்றீங்களா பஸ்லயா? மதியம் சைவமா அசைவமா?’ என்று கேட்பேன். வருகிறவர் சட்டென்று சொல்லிவிடுவார். வராதவர் ‘அது வந்துங்க...’ என்று இழுப்பார். இலை எண்ணிக்கையை இந்தப் போனில் தேறிய பட்டியலை வைத்துத்தான் சொல்ல வேண்டும்.

அழைப்பு போய்ச் சேர்ந்ததா? மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பியிருந்தால் ‘அனுப்பியாச்சு’ என்ற எண்ணிக்கையை நம்பாமல் டெலிவரி ரிப்போர்ட்டைக் கேளுங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2018இல் கொண்டுவந்த விதிகளின்படி வணிகச் செய்திக்கு அனுப்புநர் பெயர், செய்தி வாசகம் இரண்டையும் டிஎல்டி என்ற பதிவுத் தளத்தில் முன்கூட்டியே பதிய வேண்டும். பதிந்த வாசகம் ஒன்று, அனுப்பிய வாசகம் வேறு என்றால் செய்தி சத்தமில்லாமல் நின்றுவிடும். ரிப்போர்ட் படிக்கத் தெரியவில்லை என்றால் எஸ்எம்எஸ் அனுப்பித்தரும் நிறுவனத்தின் ஆளைக் கூப்பிட வேண்டிய இடம் இது.

தூரம். தேனியிலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் காலை ஒன்பதரைக்குக் கோவை வர வேண்டுமானால் விடியும் முன்பே கிளம்ப வேண்டும். முதல் நாள் இரவு ரூம் போட்டுக் கொடுப்பது ஒரு வழி. ஒரு பெரிய மீட்டை உடைத்து சேலத்தில் ஒன்று, மதுரையில் ஒன்று என்று நடத்துவது இன்னொரு வழி. செலவு கூடினாலும் நான் இரண்டாவதற்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

இதையெல்லாம் சரிசெய்த பிறகும் வரவில்லையா? அப்படியானால் கோளாறு மீட்டில் இல்லை. போன ஸ்கீமில் தருவதாகச் சொன்ன சலுகைத் தொகைக்கான கிரெடிட் நோட் கணக்கில் ஏறாமல் டீலர்கள் கடுப்பில் இருப்பார்கள். ஈவென்ட்காரரைக் கூப்பிடாதீர்கள், உங்கள் அக்கவுன்ட்ஸ் மேனேஜரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 2: எல்லோரும் வந்துவிட்டார்கள், ஆனால் ஹாலுக்குள் யாரும் இல்லை

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் குத்துவிளக்கு ஏற்றுவதாக அழைப்பிதழில் போட்டீர்களா? சனிக்கிழமை ராகு காலம் 9 முதல் 10.30 வரை. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, புது மாடலை ராகு காலத்தில் அறிமுகம் செய்தால் மோட்டார் புகைந்ததற்கெல்லாம் அதுதான் காரணமாகும். டிபனை அந்த நேரத்தில் வைத்து விளக்கை 10.35க்குத் தள்ளுங்கள்.

அது இல்லையென்றால் பதிவு மேசை. ஒரு ஆளுக்கு ஒரு நிமிஷம், 150 பேர், இரண்டு மேசை: 75 நிமிஷம் ஓடிவிடும். நேரத்தைத் தின்பது பெயர் தேடுவதுதான். ‘கே. செல்வராஜ்’ பட்டியலில் எங்கே இருப்பார்? கே வரிசையிலா, செல்வராஜிலா, கடைப் பெயரிலா? உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்குத் தெரியாது, செல்வராஜ் அண்ணனுக்கும் தெரியாது. பட்டியலைக் கைபேசி எண்ணின் கடைசி நாலு இலக்கப்படி அடுக்குங்கள். ‘கடைசி நாலு நம்பர் சொல்லுங்கண்ணே’ என்றால் பத்து விநாடியில் முடியும்.

கியூஆர் வைத்தால் இன்னும் வேகம், ஆனால் அடித்தளத்தில் இருக்கும் ஹாலில் சிக்னல் வராது. முதல் நாளே அந்த மேசை போடும் இடத்தில் நின்று போனைப் பாருங்கள். காகிதப் பட்டியல் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். ஐந்நூறு பேருக்கு மேல் என்றால் பேட்ஜ் அடித்துக்கொடுக்கும் ஆட்களிடம் விட்டுவிடுவது நல்லது.

## அறிகுறி 3: மைக் ஊளையிடுகிறது, திரையில் தமிழ் கோழிக் கிறுக்கலாகத் தெரிகிறது

மைக் பிடித்தவர் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போனால் ஊளையிடும். பெட்டியை மேடைக்கு முன்னால் தள்ளி, பேசுபவர் அதன் பின்னால் நிற்கும்படி செய்யுங்கள். காலர் மைக்கில் புது பேட்டரி. முக்கால்வாசி இதிலேயே தீர்ந்துவிடும்.

தமிழ் எழுத்து உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய எழுத்துரு. எம்.டி. லேப்டாப்பில் அழகாக இருந்தது மேடை லேப்டாப்பில் ஆங்கில எழுத்துக் குவியலாக நிற்கும். எல்லா ஸ்லைடையும் முந்தின இரவே பிடிஎஃப் ஆக்கி, மேடை லேப்டாப்பிலேயே திறந்து பாருங்கள்.

எல்இடி சுவர் எடுத்தால் ‘பி3யா, பி4ஆ’ என்று கேளுங்கள். அந்த எண் புள்ளிக்குப் புள்ளி எத்தனை மில்லிமீட்டர் என்பதைச் சொல்கிறது. தோராயமாக அதே எண்ணிக்கை மீட்டருக்கு அப்பால்தான் முதல் வரிசை இருக்க வேண்டும். சுவரும் ஏசியும் சேர்ந்து ஓடும்போது பிரேக்கர் விழுந்தால் நீங்கள் கை வைக்காதீர்கள். லோடு பார்க்க எலக்ட்ரீஷியன் வரட்டும்.

## அறிகுறி 4: கேள்வி நேரத்தில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை

இந்தக் கோளாறைப் பார்த்து நான் பல வருஷம் டீலர்களைக் குறை சொன்னேன். ஒரு மீட்டில் உடுமலைப் பக்கத்து டீலர் ஒருவர் கை கழுவும் இடத்தில் என்னிடம் சொன்னார்: ‘ஏனுங்க தம்பி, மேடைல வாரண்டியப் பத்தி ஒரு மணி நேரம் பேசுனாங்க. எங்க கடை மோட்டார் மூணு நாலு மாசமா சர்வீஸ் சென்டர்ல கிடக்குதுங்க. அதை அத்தனை பேர் முன்னால கேட்டா, அவருக்கும் சங்கடம், எனக்கும் சங்கடமுங்க.’

அப்போதுதான் புரிந்தது. கேள்வி இருக்கிறது, கேட்பதற்கு இடம்தான் இல்லை.

செலவில்லாத வழி: காலை டீயின்போதே மேசைக்கு மேசை சீட்டும் பேனாவும் வையுங்கள். பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். வந்த சீட்டுகளில் இருப்பதிலேயே காரமான கேள்வியை முதலில் படிக்க வேண்டும். நல்ல பிள்ளைக் கேள்விகளை முதலில் படித்தால், எல்லாம் செட்டப் என்று கூட்டம் முடிவு கட்டிவிடும். இதை எம்.டி.யிடம் முந்தின நாளே சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். சர்வீஸ் தலைவரும் அக்கவுன்ட்ஸ் தலைவரும் மேடையில் இருக்கட்டும். பதில் ‘பார்க்கிறோம்’ என்று முடியாமல் ஒரு தேதியோடு முடிய வேண்டும்.

அடுத்து நாற்காலி. வரிசையாகப் போட்டால் சினிமா பார்க்கிற மனநிலைதான் வரும். எட்டுப் பேருக்கு ஒரு வட்ட மேசை, மேசைக்கு ஒரு கம்பெனி இன்ஜினியர் என்று உட்கார வைத்தால் பேச்சு தானாக வரும். ஆனால் அதே ஹாலில் ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் இடம் இருக்கும், வாடகை ஏறும். சீட்டு முறையை முயன்று பார்த்த பிறகு இதற்கு வாருங்கள்.

கேரளா, கர்நாடகா டீலர்களும் கலந்த கூட்டம் என்றால் மூன்று மொழியும் தெரிந்த நிகழ்ச்சி நடத்துநர் வேண்டும். ‘இன்னும் சத்தமா கை தட்டுங்க’ என்று கெஞ்சும் ஆங்கர் வேண்டாம்.

## அறிகுறி 5: சாப்பாட்டோடு கூட்டம் கரைகிறது

பரிசுப் பையைக் காலையிலேயே கொடுத்துவிட்டீர்களா? காரணம் அதுதான், மேலே படிக்க வேண்டாம். மாலை நாலு மணிக்குக் கொடுங்கள்.

இல்லையென்றால் மதியம் என்ன வைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். சாம்பார், ரசம், பாயசம் முடிந்து விளக்கை அணைத்து ஸ்லைடு போட்டால் நானே தூங்கிவிடுவேன். ஸ்லைடெல்லாம் காலையோடு முடியட்டும். மதியம் பம்பைக் குறுக்கே அறுத்த மாதிரியை மேசையில் வையுங்கள், கழற்றி மாட்டவும் நாலு செட் வையுங்கள். ஒரு முறை, டீலர்களோடு வந்த மெக்கானிக்குகளுக்கு பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை மாற்றும் போட்டி வைத்தோம். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அறுபது வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்தார். பின்வரிசைக் கூட்டம் மொத்தமும் எழுந்து முன்னால் வந்தது. அன்றைக்கு ஐந்து மணி வரை ஹால் நிறைந்திருந்தது. செலவு, நாலு ஸ்பேனர் செட்.

## அறிகுறி 6: ‘எல்லாம் நல்லாத்தான் இருந்தது. ஆனா என்ன பிரயோஜனம்?’

எம்.டி. இப்படிக் கேட்டு நீங்கள் போட்டோ ஆல்பத்தைக் காட்டினால், அடுத்த வருஷம் பட்ஜெட் பாதியாகும். இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

முதல் சோதனை: பழைய மெயில். மீட்டுக்கு ஒப்புதல் கேட்டு நீங்கள் அனுப்பிய மெயிலைத் திறங்கள். அதில் எண்ணும் தேதியும் உள்ள ஒரு வாக்கியம் இருக்கிறதா? ‘டீலர் உறவை வலுப்படுத்த’ என்றிருந்தால் அளக்க ஒன்றுமில்லை. ‘புது ஒரு எச்.பி. மாடலை இதுவரை எடுக்காத 60 டீலர்களில் 20 பேர், மீட் முடிந்து 90 நாளுக்குள் முதல் ஆர்டர் போட வேண்டும்’ என்றிருந்தால் அளக்கலாம். ஒரே ஒரு இலக்கு போதும். நாலு வைத்தால் எது கிடைத்ததோ அதுதான் இலக்கு என்று எல்லோரும் சாதிப்பார்கள்.

இரண்டாவது: அன்றைய ஆர்டரை நம்பாதீர்கள். மீட் அன்று ஸ்கீம் போட்டு வாங்கும் ஆர்டர் பல நேரம் அடுத்த மாதம் வர வேண்டிய ஆர்டர்தான். குடோனில் சரக்கு ஏறும், அடுத்த காலாண்டு டீலர் போனையே எடுக்கமாட்டார். அதனால்தான் 90 நாள் என்றேன். வாடிக்கையாளர் வாரண்டியைப் பதிவு செய்யும் முறை இருந்தால் அந்த எண்ணிக்கையையும் பாருங்கள். கடையை விட்டு சரக்கு வெளியே போனதா என்பது அதில்தான் தெரியும்.

மூன்றாவது: ஒப்பிட ஏதாவது இருக்கிறதா? மீட்டுக்கு முன்பே கணக்கு மென்பொருளான டேலியிலிருந்து டீலர் வாரியாகப் போன வருஷத்து இதே காலாண்டு விற்பனையை எடுத்து எக்ஸெலில் வைத்துவிடுங்கள். கடைப் பெயரை வைத்துச் சேர்க்காதீர்கள். என் பட்டியல் ஒன்றில் ‘முருகன் எலக்ட்ரிக்கல்ஸ்’ மட்டும் நாலு இருந்தது. 15 எழுத்து ஜிஎஸ்டி எண்ணை வைத்துச் சேருங்கள். பிறகு இரண்டு பட்டியல்: அழைப்பை ஏற்று வந்தவர்கள், அழைத்தும் வராதவர்கள்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. வந்தவர்களின் விற்பனை 40 லட்சத்திலிருந்து 50 லட்சம், அதாவது 25 சதவீத ஏற்றம். உடனே எம்.டி.யிடம் ஓடாதீர்கள். வராதவர்களும் 15 சதவீதம் ஏறியிருந்தால்? அந்த வருஷம் மழை குறைந்து எல்லோரும் போர்வெல் போட்டிருக்கலாம். அந்த 15ஐக் கழித்தால் மீட் கொடுத்தது 10 சதவீதம், 4 லட்சம் ரூபாய் விற்பனை. லாப விகிதம் 20 சதவீதம் என்றால் 80,000 ரூபாய். மீட் செலவு 3 லட்சம்! அந்த 10 சதவீதம்கூட உண்மையைவிடச் சற்றுக் கூடுதலான மதிப்பீடுதான், ஏனென்றால் மீட்டுக்கு வருகிறவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள்.

கசப்பான கணக்குதான். ஆனால் இதை நீங்களே முதலில் எடுத்துக்கொண்டு போனால் பேச்சு வேறு மாதிரி இருக்கும். அடுத்த முறை ஏற்கெனவே நன்றாக விற்கும் டீலர்களுக்கு விருந்து வைக்காமல், புது மாடலைத் தொடாத 60 பேரை மட்டும் சின்ன ஹாலில் கூட்டலாம் என்பது இப்படிக் கிடைத்த யோசனைதான்.

நான்காவது: படிவத்தில் எல்லோரும் ஐந்துக்கு ஐந்து. பரிசுப் பையை ஒரு கையில் கொடுத்து, படிவத்தை இன்னொரு கையில் கொடுத்தால் வேறென்ன போடுவார்கள்? படிவத்தை மீட்டின் நடுவிலேயே வாங்குங்கள். ‘நிகழ்ச்சி எப்படி?’ என்ற கேள்வியை அடித்துவிட்டு, ‘அடுத்த மாதம் இந்த மாடலில் எத்தனை எடுப்பீர்கள்?’, ‘இன்றைக்கு எதைக் குறைத்திருக்கலாம்?’ என்ற இரண்டை மட்டும் வையுங்கள். மூன்றாம் நாள் இருபது பேருக்குப் போன் செய்யுங்கள். ஏரியா சேல்ஸ்மேன் செய்யக் கூடாது, அவரிடம் உண்மை வராது.

நூறு, இருநூறு டீலர் வரை இதற்கு எக்ஸெல் தெரிந்த ஒரு ஆள் போதும். பல மாநிலம், ஆயிரக்கணக்கில் டீலர், வருஷத்துக்குப் பத்து மீட் என்றால்தான் வாடிக்கையாளர் விவரங்களைப் பராமரிக்கும் சிஆர்எம் மென்பொருளும் தரவு ஆய்வாளரும் தேவை.

## அறிகுறி 7: மீட் முடிந்து ஆறு மாதம் கழித்து ஆடிட்டர் கத்துகிறார்

இதில் மட்டும் எளிய சோதனை கிடையாது, முன்கூட்டியே ஆடிட்டரிடம் போய்விடுங்கள். கொட்டேஷனில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா தனியா என்று கேட்காமல் விட்டதால் பட்ஜெட் தாண்டியிருக்கும். சாப்பாட்டு பில்லின் ஜிஎஸ்டிக்குப் பொதுவாக உள்ளீட்டு வரி வரவு (கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை) கிடைக்காது, அதையும் செலவாகவே எழுதுங்கள்.

பெரிய தலைவலி பரிசும் டூரும். ஒரு டீலருக்கு வருஷத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் போகும் பரிசு, சலுகைக்கு 10 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடித்துக் கட்டும் வருமான வரி, என்பது 2022 ஜூலை 1 முதல் நடைமுறை. 1961ஆம் வருஷ வருமான வரிச் சட்டத்தில் 194ஆர் என்ற பிரிவு இதுதான். புது மாடலை விளக்கவும் ஆர்டர் எடுக்கவும் சந்தேகம் தீர்க்கவும் நடத்தும் மீட்டின் செலவு இதில் வராது என்று வருமான வரித் துறையின் விளக்கம் இருக்கிறது. ஆனால் இலக்கைத் தொட்டவர்களுக்கு மட்டும் என்று நடத்தினாலோ, நடுவில் ஊர் சுற்றிக் காட்டினாலோ, குடும்பத்தோடு அழைத்தாலோ கதை மாறும். மூணாறில் மீட் என்று அறிவிக்கும் முன் ஆடிட்டருக்கு ஒரு போன்.

## அறிகுறி 8: விசாரித்தவர்கள் நிறைய, ஆர்டர் ஒன்றும் வரவில்லை

சோதனை ஒன்றே ஒன்று: வாங்கிய விசிட்டிங் கார்டுகள் இப்போது எங்கே இருக்கின்றன? ‘சேல்ஸ் டீமிடம்’ என்பது பதில் இல்லை. ஒரு பெயர் வேண்டும்.

மேசையிலேயே கார்டை போட்டோ எடுத்து, வாட்ஸ்அப் குழுவில் போட்டு, பக்கத்தில் மூன்று சொல் எழுதுங்கள்: என்ன கேட்டார், யார் கூப்பிட வேண்டும், எப்போது. 48 மணி நேரத்துக்குள் முதல் போன். எண்களை விளம்பரத்துக்கும் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் அதற்கு ஒப்புதல் வாக்கியம் ஒன்றைப் படிவத்தில் சேருங்கள், 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. சேல்ஸ் ஆட்கள் போதவில்லை என்றால் பத்து நாளுக்கு மட்டும் போன் பேச வெளியாள் வைக்கலாம். அதற்குமேல் செலவு தேவையில்லை.

ஒரு கம்பெனியில் ஆயுத பூஜைக்கு ஆபீஸைச் சுத்தம் செய்தபோது நானும் அங்கே இருந்தேன். அலமாரி மேல் ஸ்வீட் டப்பா ஒன்று, உள்ளே ரப்பர் பேண்ட் போட்ட கார்டு கட்டு. ஆடியில் நடத்திய மீட்டில் வாங்கியது. ஒரு கார்டின் பின்னால் பேனாவில் ‘ஏஜென்சி வேண்டும், தாராபுரம்’ என்று எழுதியிருந்தது. அப்போதே போன் போட்டேன்.

‘ஆவணி முடிய பார்த்தேனுங்க தம்பி’ என்றார். ‘இப்ப வேற கம்பெனி போர்டு மாட்டியாச்சுங்க.’